மும்பையில் இன்றும் மாதம் 200 ரூபாய் வாடகையா?

கேள்வி: மும்பையின் நடுவே சில பழைய வீடுகளுக்கு இன்னும் மாதம் 200, 300 ரூபாய்தான் வாடகை என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால் அது எப்படிச் சாத்தியம்? அந்த மாதிரி வீடு ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா?

உண்மைதான். கிர்காவ், புலேஷ்வர், பைகுல்லா, லால்பாக் பக்கம் போனால் அந்த வாடகைக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே, குடியிருப்பவர்களைப் பார்க்கலாம். அதே தெருவில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டுக்கு மாதம் ஒரு லட்சம் கேட்பார்கள். என் பெரியப்பா கிர்காவில் ஒரு சாலில், அதாவது ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக உள்ள பழைய மாடிக் கட்டடத்தில், இப்படித்தான் இருந்தார். அதனால் இந்தக் கதை எனக்குச் சட்டமாகத் தெரிவதற்கு முன்பே வீட்டுப் பேச்சாகத் தெரியும்.

பம்பாயில் வாடகைக்கு முதன்முதலில் கடிவாளம் போட்டது 1918-ல், முதல் உலகப் போரின்போது. மில்களில் வேலை பெருகி ஆட்கள் வந்து குவிந்தார்கள், கட்டுமானம் நின்றுபோயிருந்தது, வாடகை ஏறியது. சின்ன வீடுகளுக்கு 1916 ஜனவரி 1-ல் என்ன வாடகையோ அதுதான் என்று அரசு சொல்லிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டத்தை 1920களிலேயே முடித்தும் வைத்தார்கள். போடவும் தெரிந்தது, எடுக்கவும் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் திரும்பப் போட்டார்கள். 1939-ல் ஒன்று, 1944-ல் ஒன்று. பிறகு 1947-ல் வந்ததுதான் எல்லோரும் பேசுகிற பம்பாய் வாடகைச் சட்டம். 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரிவினைக்குப் பிறகு சிந்து பக்கத்திலிருந்து அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்காரர்கள் நினைத்த வாடகை கேட்டால் ஊர் தாங்காது. ஆகவே 1940 செப்டம்பர் 1-ல் இருந்த வாடகையே 'நியாய வாடகை' என்று வைத்தார்கள். குடியிருப்பவரைக் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. அவர் இறந்தால் கூட இருந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை போகும். அன்றைய நிலைமைக்கு இதில் எதுவும் தப்பில்லை என்பது என் எண்ணம். அதுவும் ஓரிரு வருடங்களுக்கான தற்காலிகச் சட்டமாகத்தான் வந்தது.

அந்தத் தற்காலிகம் 50 வருடத்துக்கு மேல் ஓடியது. இருபது தடவைக்கு மேல் நீட்டித்தார்கள். நீட்டித்ததுகூடப் பரவாயில்லை, 1940 என்ற அந்த வருடத்தை மாற்றாமல் விட்டதுதான் வினை. தமிழ்நாட்டின் 1960-ம் வருடச் சட்டத்தில் நியாய வாடகை கணக்கு வேறு. நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு எல்லாம் சேர்த்து, குடியிருப்பு என்றால் அதில் 9 சதவீதம், கடை கண்ணி என்றால் 12 சதவீதம் ஆண்டு வாடகை. மதிப்பு ஏறினால் வாடகையும் ஓரளவு ஏற வழி இருந்தது. அங்கேயும் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன, ஆனால் 1940-க்குள் யாரும் உறைந்துபோகவில்லை.

சரி, வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? இங்கேதான் 'பகடி' வருகிறது. மாத வாடகை 40 ரூபாய்தான் வாங்க முடியும் என்றால், உள்ளே விடுவதற்கே மொத்தமாக ஒரு தொகை கை மாறும். ரசீது கிடையாது, சட்டப்படி குற்றம், ஆனால் ஊர் முழுக்க நடந்தது. குடியிருப்பவர் வீட்டை விட்டுப் போகும்போது அடுத்தவரிடம் அன்றைய மார்க்கெட் விலைக்குப் பகடி வாங்குவார். அதில் மூன்றில் ஒரு பங்கு போல வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் அவர் புதியவர் பெயருக்கு வாடகை ரசீதை மாற்றித் தருவார். வாடகைக்குத்தான் இருக்கிறார், ஆனால் வீட்டை விற்கலாம். சொந்தக்காரர் வேறொருவர், ஆனால் அவரால் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

பெரியப்பா அறுபதுகளில் ஸ்டெனோகிராபர் வேலைக்குப் போனவர். கொஞ்ச நாள் மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு, நாலு பேரோடு அறை. கல்யாணம் ஆனதும் பெரியம்மாவின் நகையை விற்று, ஆபீசில் கடன் வாங்கி, கிர்காவில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள கோலியைப் பகடிக்கு எடுத்தார். கழிப்பறை மாடிக்கு ஒன்று, பொது. அப்புறம் வீட்டுக்காரரின் மகன் தலையெடுத்தார். வாடகையை வாங்க மாட்டேன் என்றார். வாங்காமல் விட்டு, பாக்கி என்று கேஸ் போட்டுக் காலி செய்யவைக்கிற உத்தி அது. பெரியப்பா மாதா மாதம் மணியார்டர் அனுப்புவார், அது திரும்பி வரும், அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார். எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு நகையைவிட அந்தக் கட்டின் மேல்தான் கண்.

இதனால்தான் "சும்மா உட்கார்ந்து அனுபவிக்கிறார்கள்" என்று பகடிக்காரர்களைப் பார்த்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 200 ரூபாய் என்பது அந்த வீட்டின் விலையில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமே. மீதியை முதலிலேயே, கறுப்பில், இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1940-ல் குடிவந்த குடும்பத்தின் பேரன் அதே வாடகையில் இருக்கிறான் என்றால் அது வேறு விஷயம், அவனுக்காக நான் வாதாட மாட்டேன்.

வீட்டுக்காரரின் பக்கமும் பொய் இல்லை. இருபது குடித்தனத்திலிருந்து மாதம் 1,200 ரூபாய் வருகிற கட்டடத்துக்கு அவர் என்னவென்று கூரை மாற்றுவார்? மழைக்கால ஊர், மர உத்தரம், ஒழுகி ஒழுகி உளுத்துப்போகும். ஒவ்வொரு மழையிலும் கட்டடங்கள் விழ ஆரம்பித்தன. அரசு 1969-ல் தனியாக ஒரு சட்டம் போட்டு, பழைய கட்டடங்கள் மேல் 'செஸ்' என்று ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் ஒரு வாரியம் பழுது பார்க்கும் என்றது. தீவு நகரம் எனப்படும் பழைய தெற்கு மும்பைப் பகுதியில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் வந்தன. பின்னாளில் அந்த வாரியம் மாடா என்கிற வீட்டுவசதி அமைப்பில் சேர்ந்தது. முட்டுக்கொடுத்து நிற்கவைப்பதுதான் பெரும்பாலும் நடந்தது. ஆபத்தான கட்டடம் என்று காலி செய்யவைத்தவர்கள் டிரான்சிட் கேம்ப் என்கிற தற்காலிகக் குடியிருப்புக்குப் போய் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள். போனால் திரும்ப மாட்டோம் என்ற பயத்தில்தான் பலர் நோட்டீஸ் வந்தும் நகராமல் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 31-ல் பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் இறந்தார்கள். 2019-ல் டோங்கிரியில் இன்னொன்று.

இதற்கிடையே 1973-ல் நடந்த ஒன்றுதான் இன்றைக்கும் நம் ஆட்களைப் பாதிக்கிறது. வாடகைச் சட்டத்திலிருந்து தப்பிக்க வீட்டுக்காரர்கள் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று எழுதிக் கொடுப்பார்கள், அதாவது குடித்தன உரிமை இல்லை, இருந்துகொள்ள அனுமதி மட்டும். 1973 பிப்ரவரி 1 அன்று அப்படி ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இனி வாடகைதாரர்கள் என்று அரசு திருத்தம் கொண்டுவந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு யோகம். ஆனால் அதற்குப் பிறகு வீடு வைத்திருந்தவர்கள் மிரண்டுபோய்ப் பூட்டியே போட்டார்கள், அல்லது கம்பெனிக்கு மட்டும் கொடுத்தார்கள். இன்று மும்பையில் 11 மாத ஒப்பந்தம், பெரிய டெபாசிட், வருடா வருடம் பெட்டி தூக்குவது என்று அலைகிற பிள்ளைகள், இந்தப் பயத்தின் மிச்சத்தைத்தான் சுமக்கிறார்கள். வாடகைக்கு விடக் கட்டடம் கட்டுகிற தொழிலே அந்த ஊரில் செத்துவிட்டது. கட்டினால் விற்பதற்குத்தான். பணம் இருந்தவர்கள் சொசைட்டி ஃபிளாட் வாங்கினார்கள், இல்லாதவர்கள் குடிசைக்குப் போனார்கள். சட்டம் ஏழையைக் காப்பாற்றியது என்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த ஏழையை, ஆமாம். அடுத்த ரயிலில் வந்து இறங்கியவனை அது பார்க்கவே இல்லை.

கடைசியில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், 1940 வாடகையில் உறையவைத்திருப்பது நியாயமற்றது என்று சொன்னது. சட்டத்தை ரத்து செய்யவில்லை, அது எப்படியும் 1998 மார்ச்சில் முடிகிறது, புதிதாக ஒன்று கொண்டுவாருங்கள் என்று விட்டுவிட்டது. பழையதை இன்னும் கொஞ்சம் நீட்டித்து, 2000 மார்ச் 31 முதல் புதிய மகாராஷ்டிரா வாடகைச் சட்டம் வந்தது. அதில் பகடி வாங்குவது குற்றமில்லை என்று ஆனது. வாடகைக்கு இருந்த வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், ஒரு கோடிக்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகள் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றப்பட்டன. வாடகை வருடத்துக்கு 4 சதவீதம் ஏறலாம். 60 ரூபாய்க்கு 4 சதவீதம் என்றால் 2 ரூபாய் 40 காசு. நீங்கள் கேட்ட 200 ரூபாய்க்குக் கணக்கு இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1986-ல் மாடா சட்டத்தில் ஒரு திருத்தம். செஸ் கட்டடத்தில் 70 சதவீதக் குடித்தனக்காரர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், மாத வாடகையைப் போல 100 மடங்கு கொடுத்து அரசு அந்தக் கட்டடத்தையே எடுத்து அவர்களுக்குத் தரலாம். மேலே சொன்ன 1,200 ரூபாய்க் கட்டடம் 1,20,000 ரூபாய்! வீட்டுக்காரர்கள் 1992-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது ஒன்பது நீதிபதி அமர்வு வரை வளர்ந்து, தனியார் சொத்து எல்லாமே அரசு பொது நன்மைக்கென்று பகிர்ந்து தரக்கூடிய 'சமூகத்தின் பொருள் வளம்' ஆகிவிடாது என்று 2024 நவம்பர் 5-ல்தான் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓனர்ஷிப் ஃபிளாட்டைவிட மலிவாகக் கிடைக்கும், அது நிஜம். ஆனால் பகடி வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு, மொத்தப் பணமும் கையில் வேண்டும். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்து ரசீதை உங்கள் பெயருக்கு மாற்றித் தராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் குடும்பத்தில் பங்காளித் தகராறு இருக்கிறதா என்று பாருங்கள். பில்டர் வந்து இடித்துக் கட்டினால் புது ஃபிளாட் கிடைக்கும் என்று புரோக்கர் ஆசை காட்டுவார். பெரியப்பா இருந்த கட்டடத்துக்கும் அந்த பில்டர் வந்தார், பெயர்ப்பலகை வைத்தார். பெரியப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன, பலகை துருப்பிடித்துவிட்டது, என் அண்ணன் இன்னும் அதே அறைக்குத்தான் வாடகை அனுப்புகிறார்.