அந்த ‘உம்’ உறுத்துகிறது

கேள்வி: ஆவணியில் எனக்குக் கல்யாணம். மூக்குத்தண்டில் உள்ள மேட்டை ஆடி முதல் வாரமே பிளாஸ்டிக் சர்ஜரியில் சரிபண்ணிவிடலாம், ஒரு மாதத்தில் ஆறிவிடும் என்கிறார் அத்தை. எனக்கும் ஆசைதான். மனதளவில் எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தேதியை மாற்றுங்கள். கல்யாணத் தேதியை அல்ல, சர்ஜரி தேதியை.

உங்கள் கேள்வியில் அத்தை முதலில் வருகிறார். ‘எனக்கும்’ என்று நீங்கள் பின்னால் வருகிறீர்கள். அந்த ‘உம்’தான் உறுத்துகிறது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துச் சம்மதித்தது இந்த மூக்கோடுதானே? அத்தையும் கல்யாணமும் இல்லாவிட்டாலும் இது வேண்டுமா என்று யோசியுங்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூக்கு நினைப்பிலேயே போகிறது, நாலு பேர் கூடும் இடத்துக்கே போவதில்லை என்றால், முதலில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் கத்தி வைத்தாலும் மனம் அடங்காது. அடுத்த குறையைத் தேடும்.

அத்தையின் ‘ஒரு மாதம்’ பாதிக் கணக்கு. கண்ணடியில் கன்றிய நீலம் இரண்டு வாரத்தில் போய்விடும். வீக்கம் பெருமளவு வடிய மூன்று மாதம். நுனி ஒடுங்கி முழு வடிவம் வர ஒரு வருடம். ஏழாம் நாள் வாக்கில் மேலே ஒட்டிய கட்டைப் பிரிப்பார்கள். பலர் உடைந்துபோவது அன்றுதான். பழையதைவிட அகலமான, நுனி தூக்கிய, பிளாஸ்டர் பசை பிசுபிசுக்கும் ஒரு மூக்கு கண்ணாடியில் நிற்கும். தொட்டால் நுனி மரத்திருக்கும், சிரித்தால் மேலுதடு இழுக்கும். அது வீக்கத்தின் முகம், உங்களுடையது அல்ல.

அதற்கு முன்பே, மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரலாம். மயக்க மருந்து, வலி மாத்திரை, மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டுத் தூக்கம் கெட்ட இரவுகள் எல்லாம் சேர்ந்த சோர்வு அது. அழுங்கள், தப்பில்லை. மூக்கை மட்டும் சிந்தாதீர்கள், ரத்தம் கசியும். வழிவதைப் பஞ்சால் ஒற்றுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் சோறும் தூக்கமும் பிடிக்கவில்லையென்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம்.

முதல் வாரம் வீட்டில் ஒரே ஆள் போதும், அதுவும் வாய் அடக்கமான ஆள். துக்கம் விசாரிப்பதுபோல் வந்து “பழசே நல்லா இருந்ததே” என்பவர்களுக்கு வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பட்டும். வாரம் ஒரு போட்டோ, அதே ஜன்னல் வெளிச்சத்தில், வேறொருவர் ஐந்தடி தள்ளி நின்று எடுக்கட்டும். செல்பி வேண்டாம், கை நீளத்தில் எந்த மூக்கும் பெரிசுதான்.

கடைசியாக ஒன்று. சர்ஜரிக்கு முன் மூக்குத்தியைக் கழற்றியாக வேண்டும். வீக்கம் வடிந்து சர்ஜன் சொல்லும்வரை திரும்பப் போடமுடியாது. துளை தூர்ந்துபோகவும் கூடும். தாலி கட்டும் அன்று மூக்குத்தி இல்லாமல் மணவறையில் உட்கார அத்தை சம்மதிப்பாரா என்று இன்றே கேட்டுவையுங்கள்.