மூன்று பழைய வேட்டி, ஒரு பாலாடை: தலைப்பிள்ளைக்கு என்னென்ன வேண்டும்?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிரசவம். கார்த்திகையில் நாள் குறித்திருக்கிறார்கள். நானும் கணவரும் சென்னை வேளச்சேரியில் ஒற்றைப் படுக்கையறை உள்ள வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அம்மா வந்து மூன்று மாதம் உடனிருப்பார். கடைக்குப் போனால் நீளமான பட்டியலை நீட்டுகிறார்கள். அதில் பாதிக்கு எங்கள் வீட்டில் இடமே இல்லை. உண்மையிலேயே எவை தேவை, எத்தனை தேவை? குழந்தை பிறக்கும்முன் எதையும் வாங்கக் கூடாது என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: உங்கள் அம்மா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். பிறந்த பிள்ளை தங்குமா என்று அஞ்சிய காலத்தில் வந்த வழக்கம் அது. வாங்கி அடுக்கிய புதுத்துணி வெறுமனே வீட்டில் கிடப்பதைப் பார்க்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் அந்த அச்சம் எனக்குப் புரியும். அதைவிட, இந்த வழக்கத்தில் நடைமுறை லாபமும் இருக்கிறது. உங்கள் குழந்தை 2.3 கிலோவுடன் பிறக்குமா, 3.6 கிலோவுடன் பிறக்குமா என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே வாங்கிய சட்டை ஒரு குழந்தைக்குத் தோளில் நிற்காது, இன்னொரு குழந்தைக்குக் கழுத்தில் நுழையாது. ஆகவே புதிய பொருளை வாங்குவது பிறந்தபின் இருக்கட்டும். பழைய துணியைத் துவைத்து வைப்பதற்கு எந்த அம்மாவும் தடை சொல்ல மாட்டார். இப்போது செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

அப்பாவோ மாமனாரோ கட்டிப் பழசான எட்டு முழ வேட்டி மூன்று கேட்டு வாங்குங்கள். நாலைந்து ஆண்டு துவைத்த பருத்தி அளவுக்குக் குழந்தையின் தோலுக்கு இதமான துணி எந்தக் கடையிலும் கிடையாது. கரையை வெட்டி எடுத்துவிட்டு, அறுபது சென்டிமீட்டர் சதுரமாகக் கத்தரித்தால் ஒரு வேட்டியில் பன்னிரண்டு துணி வரும். முக்கோணமாக மடித்தால் இடுப்பில் கட்டும் துணி, நான்காக மடித்தால் தோளில் போட்டுப் பால் துடைக்கும் துணி, விரித்தால் மேலே போர்த்தும் துணி. ஓரங்களை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓயாமல் அழுகிறது என்று இரண்டு மாதக் குழந்தையை ஓர் இரவு கொண்டுவந்தார்கள். வயிற்று வலி என்று மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். காலுறையைக் கழற்றியபோது நான்காவது விரல் நாவல்பழம் போல் கறுத்து வீங்கியிருந்தது. உள்ளே பிரிந்த ஒரு நூல் விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் அதை வெட்ட முடிந்தது. விரல் பிழைத்தது. அன்றிலிருந்து கையுறை, காலுறை வாங்கும் யாரிடமும் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். கையுறையே வேண்டாம் என்பது என் கருத்து. நகத்தை ஒழுங்காக வெட்டினால் முகத்தில் கீறாது. குழந்தை தன் விரலைச் சப்பித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. பசி வந்ததையும் அப்படித்தான் காட்டுகிறது. அந்தக் கையை மூடி வைக்காதீர்கள்.

பழைய துணியில் இன்னொரு எச்சரிக்கை. பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்த துணியைக் குழந்தைக்குப் போடவே கூடாது. அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். அந்தக் குறை இருப்பது பிறக்கும்போது வெளியே தெரியாது. அன்பாகப் பாதுகாத்து வைத்த பாட்டியின் சேலைதான் பெரும்பாலும் இப்படி வந்து சேரும். அந்த வாடை அடித்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எத்தனை துணி? வெயில் காலமாக இருந்தால் இருபத்துநான்கு போதும் என்பேன். உங்களுக்குக் கார்த்திகை. சென்னையில் அடைமழை, மூன்றாவது மாடியில் துணி காய இரண்டு நாளாகும். முப்பத்தாறு வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்று வேட்டி. அரைக்காய்ச்சலாகக் காய்ந்த துணியை இஸ்திரி போட்டுவிட்டால் ஈரமும் போகும், கிருமியும் குறையும். மழை விடாத நாள்களிலும் இரவிலும் டயப்பர் போடுவதில் தவறில்லை. பிறந்த குழந்தை அளவில் சிறிய பாக்கெட் ஒன்று மட்டும் வாங்குங்கள். சில வாரங்களிலேயே அந்த அளவு சிறியதாகிவிடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலம் போனால் உடனே. ஈரத் துடைப்புத் தாள் வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும், தோல் சிவந்தால் துளித் தேங்காய் எண்ணெயும் போதும்.

சட்டை என்றால், முன்பக்கம் திறந்து நாடாவால் கட்டும் பருத்தி ஜபலா எட்டு. தலை வழியாக மாட்டுவது வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டப் புதுத் தாய்க்குக் கை நடுங்கும். குல்லா இரண்டு, வெளியே போகும்போதும் முதல் சில நாள்களுக்கும். வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா போட்டு, கம்பளி போர்த்தி, ஜன்னலையும் மூடினால் உடம்பு சுட்டுவிடும். அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் பதறி வருபவர்கள் ஏராளம். உங்களுக்குத் தேவைப்படும் துணியைவிட ஓர் அடுக்குக் கூடுதல், அவ்வளவுதான். மழை இரவில் குழந்தையின் வயிறு சில்லென்று இருந்தால் உங்கள் மார்பில், தோலோடு தோலாகப் போட்டு, மேலே போர்த்திக்கொள்ளுங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கருவிகள் பற்றாக்குறையான மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இதுதான். இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். உங்கள் கணவரின் மார்பும் அதே சூட்டைத் தரும்.

பாலுக்கு எதுவும் வாங்க வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும். தண்ணீரும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டுச் சேனை வைப்பதை அன்போடு மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகலாம். ஐந்தாறு நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறைக்குமேல் சிறுநீர் போனால், எடையும் ஏறினால், பால் போதுகிறது என்று பொருள். முதல் சில நாள்களில் எடை சிறிது குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும்.

ஒருவேளை மார்பில் பிடிக்கச் சிரமப்பட்டால்? அதற்காகத்தான் ஒரே ஒரு பாத்திரத்தைச் சொல்கிறேன்: பாலாடை. பாத்திரக் கடையில் எவர்சில்வரில் கிடைக்கும்; மூக்கு நீண்ட சிறு கிண்ணம். குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்தால் நாக்கால் இழுத்துக் குடிக்கும். நம் பாட்டிமார் கையில் இருந்த இந்தப் பொருளைக் கொண்டுதான் இன்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிறோம். இடுக்கோ ரப்பரோ இல்லாததால் கழுவி, கொதிக்க வைப்பது எளிது. புட்டி அப்படியல்ல. அதன் காம்பில் தங்கும் பால் கிருமிக்கு விருந்து. புட்டியின் ஒழுக்குக்குப் பழகிய குழந்தை மார்பை மறுக்கவும் கூடும். புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-இலேயே இந்தியாவில் சட்டம் போட்டது இதனால்தான். பால் கறக்கும் பம்ப், வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது படுக்கை. அரசு மருத்துவமனைகளில் பிரசவிப்போருக்காக 2015-இல் தமிழக அரசு தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள்கள் இருந்தன. சிறு மெத்தை, கொசுவலை, துண்டு, சட்டை, சோப்பு, நகவெட்டி, கைகழுவும் திரவம் என்று போகும் பட்டியல் அது. பின்லாந்தில் 1938 முதல் இப்படி ஒரு பெட்டி தருகிறார்கள். அங்கே அந்த அட்டைப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கையாகிவிடும். மரக்கட்டிலுக்கும் பளபளக்கும் தொட்டிலுக்கும் இடமில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். சமதளமான, அழுத்தினால் குழியாத மெல்லிய மெத்தை. அதன்மேல் ஈரம் மெத்தையில் இறங்காமல் தடுக்கும் டிரை ஷீட், அதன்மேல் வேட்டித் துணி. உங்களுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், அதற்கென்று தனி இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று கடுகு நிரப்பித் தைத்துத் தரும் தலையணையும் வேண்டாம். குடைபோல் விரியும் கொசுவலை கட்டாயம் வேண்டும். மழைக்காலச் சென்னையில் டெங்கு விளையாட்டல்ல. கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது.

தூளி கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அம்மா வந்ததும் முதல் வேலையாகக் கொக்கியைத் தேடுவார். தூளியை நான் வெறுப்பவள் அல்ல. நானும் அதில் தூங்கி வளர்ந்தவள்தான். தூளியில் குழந்தை வில்லாக வளைந்து கிடப்பதால் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுப்பாதை மடங்கலாம். பிறந்த புதிதில் கழுத்தை நிமிர்த்திக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆகவே முதல் சில மாதங்கள் தூளி வேண்டாம். குறைமாதக் குழந்தைக்குக் கட்டாயம் வேண்டாம். பிறகு கட்டினாலும் பகலில், ஒருவர் கண்ணெதிரில் மட்டும். தூங்கியதும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

குளியலுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பிளாஸ்டிக் பேசின், மென்மையான சோப்பு, இரண்டு துண்டு. பிறந்து இருபத்துநான்கு மணி நேரம் கழித்தே முதல் குளியல். தொப்புள் கொடி விழும்வரை நனைத்த துணியால் துடைத்துவிட்டால் போதும்; கொடியில் வசம்புக் கரி, மஞ்சள், திருநீறு எதுவும் வைக்காதீர்கள், காயட்டும். காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த அம்மா இருப்பது பாக்கியம். மூக்கில் ஊதுவதையும் காதில் எண்ணெய் விடுவதையும் மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். கண்ணுக்கு மை வேண்டாம், பல மைகளில் ஈயம் உண்டு. திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்தால் பாட்டிக்கும் நிறைவு, எனக்கும் நிம்மதி.

மருந்து அலமாரியில் இரண்டே பொருள். ஒன்று டிஜிட்டல் தெர்மாமீட்டர். அக்குளில் வைத்துப் பார்த்து 36.5-இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரண்டாவது, மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து, தினமும் 400 யூனிட். இதில் கவனம் வேண்டும். சில புட்டிகளில் ஒரு மில்லிக்கு 400 யூனிட், சிலவற்றில் அதே ஒரு மில்லிக்கு 800. கடையில் வேறு நிறுவனத்தின் மருந்தை மாற்றிக் கொடுத்தால் அளவும் மாறிவிடும். எழுத்தைப் படித்துவிட்டு, அந்தப் புட்டியோடு வந்த சொட்டுக்குழாயையே பயன்படுத்துங்கள். கிரைப் வாட்டர், உரை மருந்து இரண்டும் தேவையில்லை.

ஒரு பிளாஸ்டிக் கோப்பும் வாங்குங்கள். தாய் சேய் நல அட்டை, மருத்துவமனையிலிருந்து வரும்போது தரும் குறிப்பு, தடுப்பூசி அட்டை எல்லாம் அதில் இருக்கட்டும். பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ, ஹெபடைடிஸ் பி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவை 6, 10, 14 வாரங்களில். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை அந்தச் சான்றிதழே ஆதாரம்.

வாங்கவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் நடைவண்டி போல் உட்கார வைக்கும் வாக்கர். கனடா 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. வளைகாப்புக்கு வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டால், ஆறு மாத அளவில் சட்டை கேளுங்கள். இன்னும் நெருங்கியவர்கள் கேட்டால், பிறந்த முதல் மாதம் துணி துவைக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். முப்பத்தாறு துணியை மழையில் துவைத்து உலர்த்துவது பச்சை உடம்புக்காரியின் வேலையல்ல. உங்கள் அம்மாவின் முதுகுக்கும் அது கூடாது. உங்களுக்கென்று முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, பருத்தி உள்ளாடை, நாப்கின், தலைமாட்டில் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி. குழந்தைக்கான பட்டியலில் இவற்றை யாரும் எழுதுவதில்லை.

ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தால் வேட்டிகளைத் துவைத்து மொட்டைமாடியில் போடச் சொல்லுங்கள். வெட்டித் தைப்பதை வீட்டில் உட்கார்ந்தபடி நீங்களே செய்யலாம்.