ஐம்பதைத் தாண்டியவர்கள் மேடையேறலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் ரொக் குழுவான பிளாக் சபாத் கடைசியாக ஒருமுறை சேர்ந்து வாசித்ததைக் கைபேசியில் பார்த்தேன். ஒஸி ஒஸ்போர்ன் எழுந்து நிற்கக்கூட முடியாமல் உட்கார்ந்தே பாடினார். ஒயாசிஸ் குழுவின் சகோதரர்களும் சண்டையை மறந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் பணத்துக்காகத்தானே? ரொக் இசை செத்து வெகுகாலமாகிவிட்டது. எங்கள் ஊரில் தொண்ணூறுகளில் தோட்டத் திருவிழாக்களுக்கு வாசித்த குழுவினரும், ஐம்பது வயதுக்கு மேல், சித்திரைப் புத்தாண்டுக்கு மறுபடி மேடையேறப் போகிறார்களாம். ட்ரம்ஸ் வாசித்தவர் காலமாகிவிட்டதால் கீபோர்டில் உள்ள தாளத்தை ஓடவிடப் போகிறார்கள். பழைய பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் வீட்டில் இருங்கள் என்று சொல்வதுதானே நியாயம்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். அவர்கள் மேடையேறத்தான் வேண்டும். வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியது அந்தக் கீபோர்ட் தாளத்தை மட்டுமே.

பணத்தைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பார்த்தது 2025 ஜூலை 5ஆம் திகதி பேர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த நிகழ்ச்சி. பிளாக் சபாத்தின் ஆரம்பகால நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் சேர்ந்து நான்கு பாடல்கள் வாசித்தார்கள். வருமானம் பார்க்கின்சன் நோய்க்குத் தீர்வு தேடும் அமைப்பொன்றுக்கும், அந்த நகரின் சிறுவர் மருத்துவமனைக்கும், நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லமொன்றுக்கும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஒஸியை உட்கார வைத்தது பார்க்கின்சன் நோய். 17 நாட்களில் அவர் காலமானார். இதைப் பணத்தாசை என்று எழுதியது பெரிய அநியாயம். ஒயாசிஸ் விடயத்தில் உங்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு: 2024இல் நுழைவுச்சீட்டு விற்பனையின்போது 150 பவுண் அளவில் கிடைக்கும் என்று வரிசையில் நின்றவர்களிடம் 350 பவுணுக்கு மேல் கேட்கப்பட்டது. அது சீட்டு விற்ற முறையின் கோளாறு. குழு நன்றாக வாசித்ததா என்பது வேறு கேள்வி.

பிரிந்த குழு மறுபடி சேரும்போது எது கெடுக்கிறது, எது காப்பாற்றுகிறது என்று பார்க்க லெட் செப்பலின் என்ற ரொக் குழு ஒன்றே போதும். ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொனம் 1980இல் இறந்ததும் மற்ற மூவரும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். 1985 ஜூலை 13ஆம் திகதி பிலடெல்பியாவில் லைவ் எயிட் என்ற நிவாரண நிகழ்ச்சி மேடையில் மறுபடி சேர்ந்தார்கள். ட்ரம்ஸுக்கு இரண்டு பேர்: டொனி தொம்சன் ஒருவர், அன்றைக்கே லண்டனில் பாடிவிட்டு கொன்கோர்ட் விமானத்தில் வந்து இறங்கிய ஃபில் கொலின்ஸ் மற்றவர். சேர்ந்து பழகியது மிகக் கொஞ்சம். ஜிம்மி பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை, ரொபர்ட் பிளாண்டின் தொண்டை கம்மியிருந்தது. மூன்று பாடல்கள்தான், மூன்றும் தள்ளாடின. 2004இல் அந்த நிகழ்ச்சி இறுவட்டாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் சம்மதிக்கவில்லை. அதே மூவர், 22 வயது கூடிய நிலையில், 2007 டிசம்பர் 10ஆம் திகதி லண்டன் ஓ2 அரங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் பயிற்சி செய்தார்கள். பல பாடல்களின் சுருதியை இறக்கினார்கள். ட்ரம்ஸில் ஜோன் பொனமின் மகன் ஜேசன் உட்கார்ந்தார். அந்த நிகழ்ச்சியை இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

ஆகவே உங்கள் ஊர்க் குழு முதலில் தேட வேண்டியது உயிருள்ள ஒரு ட்ரம்ஸ்காரர். கீபோர்டில் ஓடும் தாளம் யாருக்காகவும் காத்திருக்காது. பாடகர் ஒரு சுற்றுத் தாமதமாக எடுத்தால், மனிதர் அந்தச் சுற்றை இன்னொரு முறை வாசித்து அவரைத் தூக்கிவிடுவார். இயந்திரம் அடுத்த பகுதிக்குப் போய்விடும். பல்லவியில் ஓங்கவும் சரணத்தில் அடங்கவும் அதற்குத் தெரியாது. ரொக்கில் பாதி உயிர் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஊரில் வயதொத்தவர் கிடைக்காவிட்டால் பாடசாலை பாண்ட் குழுவில் வாசிக்கும் பையனையோ பெண்பிள்ளையையோ கூப்பிடுங்கள். ட்ரம்ஸ் வாசித்த நீல் பேர்ட்டை 2020இல் இழந்த ரஷ் குழுவின் மற்ற இருவரும் 2026ஆம் ஆண்டுப் பயணத்துக்குத் தங்களைவிட மிக இளையவரான ஜெர்மானியப் பெண் அனிகா நிலஸைத்தான் ட்ரம்ஸுக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு பயிற்சிகளுக்கு பேஸ் கிட்டார்காரரும் ட்ரம்ஸ்காரரும் மட்டும் வந்தால் போதும். காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்மும் பேஸ் கம்பியும் ஒரே கணத்தில் விழ வேண்டும். அது விழாத குழுவில் கிட்டார்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. கைபேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு, பழைய பதிவின் வேகத்தில் 80 வீதத்தில் தொடங்கி, பிசகாமல் முடித்த பிறகு நிமிடத்துக்கு நான்கு நான்கு தட்டுகளாகக் கூட்டுங்கள். பழைய நினைவில் வாசிப்பவர்கள் தொடக்கத்தில் ஓடுவார்கள், உருட்டல் வரும் இடத்தில் பின்வாங்குவார்கள். வாசிக்கும்போது இது காதுக்குப் பிடிபடாது. பத்தடி தள்ளிக் கைபேசியை வைத்துப் பதிவு செய்து மறுநாள் கேட்டால் உடனே தெரியும். எட்டுப் பாடல்கள் போதும். இருபது பாடல்களை அரைகுறையாக வைத்துக்கொண்டு ஏறுவதுதான் பெயரைக் கெடுக்கும்.

அடுத்தது சுருதி. இருபது வயதில் பிடித்த உச்சத்தை ஐம்பது வயதுத் தொண்டையில் தேடக் கூடாது. அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிளாக் சபாத்தின் டொனி ஐயோமி 17 வயதில் பேர்மிங்ஹாம் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதில் தோலை ஒட்டி, மெல்லிய பஞ்சோ கம்பிகளைப் போட்டு வாசித்தார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் சில பாடல்களுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கினார். உலகம் முழுவதும் இன்று கேட்கும் கனத்த கிட்டார் ஒலி அந்த இறக்கத்தில் பிறந்தது. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய மனிதர் அவர்.

இறக்கும்போது கம்பியையும் மாற்ற வேண்டும். ஒரு முழுக் கட்டை இறங்கினால் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 20 வீதம் குறைகிறது. அரைக் கட்டைக்கு 11 வீதம். 9–42 கம்பி (மிக மெல்லியதும் மிகத் தடித்ததும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) போட்ட கிட்டாரை ஒரு கட்டை இறக்கினால் கம்பி தளர்ந்து கழுத்தின் குறுக்கே உள்ள பிரெட் பட்டைகளில் உரசி இரையும், அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறிவிடும். 10–46 கம்பிகளுக்கு மாறுங்கள். இழுவிசை பழைய அளவை ஏறத்தாழ எட்டிவிடும், கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டைத் திருக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. தடித்த கம்பி தலைப்பக்கத்து வெட்டுக்குள் இறுகினால் சுருதி கூட்டும்போது ‘டிக்’கென்று தாவும். அந்த வெட்டில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். பிறகு பன்னிரண்டாம் பிரெட்டில் தொட்டு எழுப்பும் ஒலியையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் பாலத்திலுள்ள தாங்கியைக் கழுத்திலிருந்து பின்னுக்கு நகர்த்த வேண்டும். கீபோர்ட்காரருக்குச் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. அவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: இறக்காத அடுத்த பாட்டுக்கு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவார். எட்டுப் பாடல்களையும் ஒரே அளவு இறக்கிவிட்டால் அந்த ஆபத்தே இல்லை.

நம் பனியும் ஒரு பிரச்சினை. இரவுப் பனியில் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஈரத்தை இழுத்து உப்பும். வாசித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு பெட்டியில் மூடி வையுங்கள். நிகழ்ச்சி இடத்தில் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் விட்ட பிறகு சுருதி பாருங்கள். தப்பு மேளமும் சேர்கிறது என்றால் (சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவேன், மலையகத்துக் காமன் கூத்தின் தப்படியைத் தெரிந்த ஊரில் வெளியூர்த் தாளத்தை மட்டும் வாசிப்பது நட்டம்) தீ மூட்டுவதற்கான இடத்தை மேடைக்குப் பின்னாலேயே ஒதுக்குங்கள். காய்ச்சிய தோல் பனிக்காற்றில் சீக்கிரம் தளரும், இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை மீண்டும் சூடு காட்ட வேண்டிவரும். சென்னையில் 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பறையையும் கானாவையும் ரொக் கிட்டாரோடு சேர்த்து வெற்றி கண்டது.

ரொக் செத்துவிட்டது என்கிறீர்கள். விற்பனைப் பட்டியலை வைத்துச் சொன்னால் உங்கள் பக்கம் சான்று இருக்கிறது: அமெரிக்காவில் 2017இல் ஹிப்ஹொப்பும் ஆர்அன்ட்பியும் சேர்ந்த பிரிவு ரொக்கைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ஆனால் இந்தோனேசியாவின் காரூத் மலைப்பகுதியில் 2014இல் மூன்று பாடசாலை மாணவிகள் தொடங்கிய வொய்ஸ் ஒஃப் பாசெப்ரொட் என்ற மெட்டல் குழு 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஊக்குவிக்க ஓர் ஆசிரியரும் சத்தம் போட ஓர் இடமும். நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அங்கே ட்ரம்ஸ் பழக முடியாது. ஒரு முச்சக்கரவண்டியில் கீபோர்டோடு வந்து இறங்கும் ஒருவரை அமர்த்துவது விழாக் குழுவினருக்கும் மலிவு. நம் ஊர்களில் குழுக்கள் அருகிப்போனதற்கு ரசனை மாறியதைவிட இவை இரண்டும் பெரிய காரணங்கள். பலகையில் பழைய டியூப் ரப்பரை ஒட்டிக் கைப்பழக்கம் செய்யலாம், ட்ரம்மின் மேல் துவாயைப் போர்த்தலாம். சேர்ந்து வாசிக்க மண்டபம்தான் வேண்டும். உங்கள் ஊர்க் குழு தோட்ட நிர்வாகத்திடமோ பாடசாலை அதிபரிடமோ வாரம் இரண்டு மாலை மண்டபத்தைக் கேட்டு வாங்கினால், முதல் ஒரு மணி நேரத்தை இளையவர்களுக்கு விடச் சொல்லுங்கள். வாசகரே, அந்தக் கடிதத்தை நீங்களே எழுதலாம்.

கடைசியாக மின்சாரம். எல்லோரும் விளக்கேற்றும் ஏழு மணியளவில் தோட்டப்பகுதிகளில் மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்று மீற்றர் வைத்து அளந்துவிட்டுப் பெருக்கிகளைப் போடுங்கள். அலங்கார விளக்குகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் தனித்தனி இணைப்பு எடுங்கள். பாடகருக்கு முன்னால் வைக்கும் சிறிய ஒலிபெருக்கி, சாதாரண மேடை மைக்கின் வால்பக்கத்தை நேராகப் பார்க்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் ஊளையிடும். அதைவிட முக்கியம்: ‘ம்ம்’ என்ற இரைச்சலை நிறுத்துவதற்காக பிளக்கின் புவி இணைப்பைக் கழற்றுபவரை மேடைக்கு அருகே விடாதீர்கள். பெருக்கியில் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் கிட்டார் கம்பி வழியே வந்து, உதடு மைக்கில் படும் கணத்தில் உடம்புக்குள் பாயும், ஆள் இறந்துபோகவும் கூடும். இரைச்சலுக்கு, கருவியை ஒலிக்கலவையோடு இணைக்கும் டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் சுவிட்ச் இருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அன்று காலையே அழுத்திப் பாருங்கள். சித்திரையில் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். முதல் இடி கேட்டதும் வாசிப்பை நிறுத்தி எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். இடி முழுவதும் ஓய்ந்து மழையும் விட்ட பிறகு கம்பிகளைத் துடைத்து, மறுபடி சுருதி பார்த்துத் தொடங்குங்கள்.