மாஸ்டரிடம் கேளுங்கள்: தீவுக்குப் போனால் வாக்கு எங்கே போகும்?

(இம்முறை வந்த கடிதங்களில் மூன்று வாக்குரிமை பற்றியவை. தேர்தல் கடமை பார்த்துத் தலை நரைத்தவன் என்பதால் ஆசிரியர் மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்.)

கேள்வி: மகன் பிரெஞ்சுப் பிரஜை. பாரிஸில் இருந்தவன் வேலை மாற்றலாகி ரீயூனியன் தீவுக்குப் போனான். அங்கிருந்தே ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டானாம். மகள் அமெரிக்கப் பிரஜை. கலிபோர்னியாவை விட்டு, குவாம் தீவில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குத் தாதியாகப் போகிறாள். அங்கே போனால் ஜனாதிபதிக்கு வாக்குப் போட முடியாது என்கிறாள். இரண்டும் வெள்ளைக்காரன் தீவுதானே மாஸ்டர், யார் எனக்குப் பொய் சொல்வது?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: பிள்ளைகளைச் சந்தேகப்படாதீர்கள் அம்மா, இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

ரீயூனியன் 1946இலேயே பிரான்சின் ஒரு மாவட்டம் போல ஆகிவிட்டது. நம் திருகோணமலை மாவட்டம் கொழும்புக்கு 4 பேரை அனுப்புகிற மாதிரி, அந்தத் தீவு பாரிஸுக்கு 7 பேரை அனுப்புகிறது. தேசிய சபையில் மொத்தம் 577 பேர்; அதில் 27 பேர் இப்படிக் கடல் கடந்த மண்ணிலிருந்து வருகிறவர்கள். உங்கள் மகனுக்கு வாக்குச்சாவடி மாறியிருக்கும், அவ்வளவுதான். (அந்தத் தீவில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன தமிழரின் வழிவந்தவர்கள் நிறையப் பேர். காவடியும் தீமிதிப்பும் இன்றும் உண்டு. வாக்குப் போட்ட கதையை விட்டுவிட்டு அதைப் பற்றி மகனிடம் கேட்டுப் பாருங்கள்.)

பிரெஞ்சுக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் நெடுங்காலம் சொதப்பினார்கள். கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் நேரத்தில் பாரிஸுக்குப் பின்னால் இருப்பவை. அங்கே சனம் வரிசையில் நிற்கும்போதே பாரிஸில் யார் வென்றார் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிடுவார்கள். பிறகு எதற்கு வரிசை? 2007 ஜனாதிபதித் தேர்தலிலிருந்து அந்தத் தீவுகளில் ஒரு நாள் முந்தி, சனிக்கிழமையே வாக்கெடுப்பு.

இனி மகளின் கதை. குவாமும் போர்ட்டோ ரிக்கோவும் 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தவை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்களுக்கு 1917இலும் குவாம்காரருக்கு 1950இலும் குடியுரிமை கொடுத்தார்கள். கடவுச்சீட்டு அதேதான், ராணுவத்திலும் சேரலாம். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின்படி ஜனாதிபதியைத் தெரிவு செய்வது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்கள். குவாம் மாநிலம் இல்லை, ஆகவே தேர்வாளரும் இல்லை. தலைநகர் வாஷிங்டனும் மாநிலம் இல்லைதான். அதற்கென்று 1961இல் அரசியலமைப்பையே திருத்தி 3 தேர்வாளர்களைக் கொடுத்தார்கள். தீவுகளுக்கு அந்த யோகம் வரவில்லை. 30 லட்சத்துக்கு மேல் சனமுள்ள போர்ட்டோ ரிக்கோவுக்கே இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு குவாம் ஒரு பிரதிநிதியை அனுப்பும். அவர் பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம், சபையில் சட்டம் நிறைவேறும்போது கை தூக்க முடியாது. இருந்தும் நவம்பரில் குவாம்காரர் விடுவதில்லை. ஜனாதிபதி வேட்பாளர்களின் பெயர்களை அச்சடித்து, வாக்குப் போட்டு, எண்ணி, முடிவும் அறிவிப்பார்கள். அது எந்தக் கணக்கிலும் சேராது. நான் வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்த ஆள். இதைக் கேட்டபோது நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. உங்கள் மகள் குவாமுக்குப் போகாமல் உவர்மலைக்கு வந்து உங்களோடு இருந்தால், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலிபோர்னியா வாக்கைத் தபாலில் அனுப்பலாம். அந்நிய நாட்டில் இருந்தால் உண்டு, சொந்த நாட்டின் தீவில் குடியேறினால் இல்லை! ஒன்றிரண்டு வருடத்துக்கு மட்டும் போகிறாள், நிரந்தர வீடு கலிபோர்னியாதான் என்றால் கதை வேறு. போகுமுன் அங்குள்ள தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

2010இல் மூதூர்ப் பக்கம் இடம்பெயர்ந்தவர்களுக்கான ஒரு கொத்தணி வாக்குச்சாவடியில் கடமையில் இருந்தேன். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு ஆச்சி வாக்காளர் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்தார். வியர்வையில் ஊறி, நாலாக மடிந்து கிடந்ததை நான் மெல்லப் பிரித்தேன். ஊரில் இருந்த வீட்டின் இலக்கம் அதில் இருந்தது. "வீடு இல்லைத் தம்பி, இலக்கம் மட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு மைக்கு விரலை நீட்டினார். உங்கள் மகளுக்குக் குவாமில் நல்ல வீடே கிடைக்கும் அம்மா. இலக்கத்துக்குத்தான் மதிப்பிருக்காது.

கேள்வி: 2012இல் படகில் போய், ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவு முகாமில் நாலு மாதம் இருந்து திரும்பியவன் நான். அந்தத் தீவுச் சனம், சீனரும் மலாய்க்காரரும், யாருக்கு வாக்குப் போடுவார்கள்?
– நிலாவெளி வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் வேலிக்குள் இருந்து பார்த்த தீவு, தேர்தல் வரைபடத்தில் பாலைவனத்தோடு ஒட்டியிருக்கிறது. அங்குள்ள ஆஸ்திரேலியப் பிரஜைகள் லிங்கியாரி தொகுதியில் வாக்களிக்கிறார்கள். நாட்டின் நடுவில் இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரமும் அதே தொகுதிதான். அந்த நாட்டில் வாக்களிப்பது கட்டாயம், காரணமில்லாமல் போகாவிட்டால் 20 டாலர் தண்டம். ஆனால் தீவில் நடைமுறையில் இருப்பது மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் சட்டங்கள். அந்தச் சட்டங்களை இயற்றும் மாநில சபைக்கு அவர்களுக்கு வாக்கு இல்லை. நாடாளுமன்றத்துக்கு வாக்குப் போடாவிட்டால் தண்டம், மாநில சபைக்குப் போட ஆசைப்பட்டாலும் வழியில்லை.

கேள்வி: பிறந்தது திருக்கடலூர், இருப்பது டொரண்டோ. இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டேன். இங்கிருந்தே இலங்கைத் தேர்தலில் வாக்களிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது. நம் நாட்டில் தபால் வாக்கு அரச ஊழியர் போன்ற சிலருக்குத்தான், அதுவும் உள்நாட்டில். இரட்டைக் குடியுரிமைக்காரர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. வாக்குப் போடத் தடையில்லை. ஆனால் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும், அந்த நாளில் நேரில் வந்து வரிசையிலும் நிற்க வேண்டும். இடாப்பில் பெயர் பதிவது அந்த முகவரியில் சாதாரணமாக வசிப்பவருக்கு. வாக்காளர் பெயர் பதியும் பி.சி. படிவம் வரும் காலத்தில் அம்மா பாசத்தில் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த தரம் ஜீ.எஸ். (கிராம சேவகர்) வரும்போது அதைச் சொல்லித் திருத்திவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மனம் வராது, தெரியும்.