ஆஸ்பெஸ்டாஸ் நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை குறைந்து வருகிறதாமே, உண்மையா?

குறைகிறது, எண்ணிப் பார்க்கிற நாடுகளில்.

பிரிட்டனில், பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார்க் கனிமத்தின் தூசியால் வரும் மீசோதெலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோயால் 1968இல் இறந்தவர்கள் 153 பேர். 2010களில் அது ஆண்டுக்கு 2,500ஐத் தாண்டியது. இப்போதுதான் மெல்ல இறங்குகிறது. இத்தனைக்கும் ஆஸ்பெஸ்டாஸில் நீலம், பழுப்பு வகைகளை 1985இலும் வெள்ளையை 1999இலும் அங்கே தடை செய்துவிட்டார்கள். தூசி உள்ளே போய் 30, 40 வருடம் கழித்துத்தான் இந்த நோய் தலைகாட்டும் என்பதால், தடைக்குப் பிறகும் சாவு ஏறிக்கொண்டே போனது.

நீங்கள் ஷீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடையாத ஷீட்டால் பெரிய ஆபத்தில்லை. அறுப்பதும் துளை போடுவதும் காய்ந்த ஷீட்டைச் சுரண்டுவதும்தான் வினை. கழற்றியே ஆகவேண்டுமென்றால் தண்ணீரால் நனைத்துவிட்டு, உடைக்காமல் இறக்கச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது என் பெரியப்பாவைப் பற்றி. எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம். 80களின் கடைசியில் வாலிநோக்கம் கடற்கரையில் கப்பல் உடைத்தபோது கூலிக்குப் போனவர். பழைய கப்பல்களில் கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் பொதிந்திருக்கும். அதை வெறுங்கையால் பிய்த்துச் சாக்கில் திணிப்பதுதான் வேலை. முகத்துக்குத் தோளில் கிடந்த துண்டு. சாயங்காலம் அதே துண்டை உதறிவிட்டுத் திண்ணையில் உட்காருவார். அதைத் துவைத்தது பெரியம்மா.

முப்பது வருடம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரல் நுனிகள் வீங்கி, நகங்கள் கவிழ்த்த கரண்டி போல வளைந்துவிட்டன. காட்டிய இடத்தில் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். "பீடி குடிப்பீங்களா?" என்று கேட்டவர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இறப்புக்குக் காரணம் மூச்சுத்திணறல் என்று எழுதினார்கள். அப்புறம் எந்தக் கணக்கில் வருவார்?

பீடி குடித்தவர்தானே என்று யாராவது வருவீர்கள். குடித்தார். ஆனால் மீசோதெலியோமா பீடியால் வருவதில்லை. நுரையீரல் புற்றுநோய் என்றால், ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேரும்போது ஆபத்து பல மடங்கு. அவருக்கு வந்தது ஆஸ்பெஸ்டாஸ் நோய்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் என் புகார்.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமாவது வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. தினக்கூலிக்காரனுக்கு ஏது பதிவேடு? மேஸ்திரியின் நோட்டில் பெயர் இருந்திருக்கும், அவ்வளவுதான். நாமோ இன்றும் ரஷ்யாவிலிருந்தெல்லாம் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்து ஷீட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்கிய அந்த மனிதரை, முதியோர் உதவித்தொகைக்கு நேரில் வந்தால்தான் ஆயிற்று என்று மாடி ஏறவைத்தார்கள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கிவந்து கைரேகை வாங்க ஒருவருக்கும் மனமில்லை.

உங்கள் வீட்டில் யாராவது கப்பல் உடைத்தவர், ஷீட் ஆலையில் இருந்தவர், ஷீட் அறுத்தவர் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எத்தனை வருடம் அந்த வேலை என்பதையும் சேர்த்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.