அத்தையின் நர்சிங் ஹோமுக்காக ஓஜி (மகப்பேறு மருத்துவம்) எடுக்கலாமா?

போன மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு குடும்பம் மருத்துவ மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு புதுச்சேரியில் என் அறைக்கு வந்தது. அப்பா, அம்மா, ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகும் மகள். அப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். மதிப்பெண் பட்டியல்தான் இருக்கும் என்று நினைத்தேன். எடுத்து வைத்தது பண்ருட்டிப் பக்கம் இருக்கும் முந்திரித் தோப்பின் பத்திர நகல்.

"ஆபரேஷன் பண்ற டாக்டராத்தான் ஆவேங்குது மேடம். சரி, ஆகட்டும். ஆனா நாளைக்குக் குடும்பம்னு ஆயிட்டா நேரம் வேணுமில்ல? எங்க அக்கா முப்பது வருஷமா கடலூர்ல நர்சிங் ஹோம் நடத்துறாங்க. ஓஜி முடிச்சா நேரா அங்க போய் உக்காந்துடலாம். சொந்த இடம், சொந்த நேரம். ரேங்க் வரலைன்னா தோப்ப வித்துட்டு, மிச்சத்துக்கு லோன் போட்டு மேனேஜ்மென்ட் சீட் வாங்கிடலாம்."

"பொம்பளப் புள்ளைக்கு அதான மேடம் சரியா வரும்?" என்றார் அம்மா. மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஐந்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதலாகத்தான் பேசினேன். பிறகு அப்பாவிடம் ஒன்று கேட்டேன்: "உங்க அக்கா கடைசியா எந்தத் தீபாவளிக்கு முழுசா வீட்ல இருந்தாங்க?" அவர் யோசித்தார். அம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "எங்க கல்யாணத்துலயே தாலி கட்டுறதுக்கு முன்னாடி கெளம்பிட்டாங்க மேடம், போன் வந்துச்சுன்னு."

இதைத்தான் 'சொந்த நேரம்' என்கிறார்கள். நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் உண்டுதான். ஆனால் வலி தானாக வருவதும், பனிக்குடம் உடைவதும், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் போவதும், வலிப்பு வருவதும் மணி பார்த்து வருவதில்லை. அந்த நேரத்தில் கையில் இருப்பது நிமிடங்கள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இரவை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் எல்லா இரவும் அவருடையதே. கூடவே ஸ்கேன் மெஷின் வைத்திருந்தால் 1994ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம், பதிவேடு என்று எழுத்து வேலை வேறு.

மகப்பேறு மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. லேபர் வார்டில் நிற்கும்போது முகம் மலர்கிற பெண்களை நானே அதற்கு அனுப்பியிருக்கிறேன். 'பொண்ணு, அதனால ஓஜி. ஓஜின்னா வசதி' என்று இரண்டு தப்பை ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் பொறுக்க முடிவதில்லை.

எந்த அறுவை சிகிச்சைக் கிளையானாலும் பெயரை வைத்து நிம்மதியை அளக்க முடியாது. ராத்திரி வருகிற நோயாளி காலை வரை காத்திருக்க முடியுமா? அந்த இரவை எத்தனை பேர் பகிர்கிறார்கள்? தனியாகத் தொழில் தொடங்க எவ்வளவு கடன் ஆகும்? இந்த மூன்றையும் கேளுங்கள். கண் மருத்துவத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டித்தான் நீங்கள் பாண்டிக்கே வருகிறீர்கள். எலும்பு மருத்துவம், ஜெனரல் சர்ஜரி மூன்று வருடம், அதன்மேல் எம்சிஎச் என்கிற உயர்சிறப்புப் படிப்பு இன்னொரு மூன்று வருடம் என்கிற பாதையெல்லாம் சொந்தக்காரர்களே விலாவாரியாகச் சொல்லியிருப்பார்கள்.

மகளைத் தனியாகக் கேட்டேன்: "எந்த போஸ்டிங்ல சாப்பாட்ட மறந்த?" கொஞ்சம் தயங்கி, "இஎன்டி மேடம். ரெண்டு வாரம்தான் போட்டாங்க" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். "காது அழுக்கு எடுக்குறதுக்கா இத்தனை வருஷப் படிப்பு?"

அந்தச் சிரிப்புக்காகவே இஎன்டி என்கிற காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

காதுக்குள் இருக்கும் ஸ்டேப்ஸ் எலும்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. அது இறுகிப்போனால் காது கேட்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி அதில் நுண்ணிய துளை போட்டு ஒரு சின்னப் பிஸ்டனை வைக்கிறார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே செய்வதால், மேசையில் படுத்தபடியே நோயாளி "டாக்டர், கேக்குது" என்று சொல்வதுண்டு. அந்தப் பெண் சாப்பாட்டை மறந்தது இதைப் பார்த்துத்தான். ஓட்டை விழுந்த செவிப்பறைக்கு, காதுக்கு மேலிருக்கும் தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுவது இன்னொரு வேலை. வருடக்கணக்கில் சீழ் வடியும் காதைச் சும்மா விட்டால் சிலருக்கு அது எலும்பை அரித்து மூளை வரை போய்விடும். அதைச் சுத்தம் செய்ய, முகத்தை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்திலேயே டிரில் ஓட வேண்டும். அழுக்கு எடுக்கிற வேலை இல்லை, ஐயா.

மூக்கில் எண்டோஸ்கோப் வழியே சைனஸ் அறுவை சிகிச்சை, தொண்டையில் குரல்நாண், கழுத்தில் தைராய்டு, குறட்டை, தலைசுற்றல் எல்லாம் இதே கிளைதான். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது அழுகிய சைனஸைச் சுரண்டி எடுத்ததில் இவர்கள் பங்கு பெரிது. பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு 6 வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் (உட்காதில் பொருத்தும் மின்னணுக் கருவி) வைக்கத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி உண்டு. ஒரு குழந்தை முதன்முதலாக 'அம்மா' என்பதைக் கேட்க அந்த டாக்டர் காத்திருப்பார்.

நம் ஊருக்கு இது பொருந்துவதைப் பாருங்கள். கடலூர் சிப்காட், நெய்வேலிச் சுரங்கம், விசைப்படகு இன்ஜின், இத்தனை இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். அப்புறம் மீன்முள்! தேவனாம்பட்டினத்திலிருந்து பாகூர் வரை தொண்டையில் முள் சிக்காத வீடு இருக்காது. சோற்று உருண்டையை விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் வருவார்கள்.

இந்த வேலைகளில் பெரும்பகுதி காலை ஆபரேஷன் பட்டியலில் அடங்கும். ஆனால் இரவே கிடையாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். கழுத்தில் சீழ் கோத்து மூச்சு அடைத்தவருக்குத் தொண்டையில் துளை போட வேண்டும். நுரையீரல் குழாயில் நிலக்கடலை போன குழந்தையும், பொம்மையின் பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையும் காத்திருக்க முடியாது. எண்ணிக்கை குறைவு, பதற்றம் அதிகம். பிஜி (மேற்படிப்பு) முதல் வருடம் எந்த அறுவைக் கிளையிலும் தூக்கம் கெடத்தான் செய்யும். ரெசிடென்ட்டுகளுக்கு, அதாவது வார்டில் வேலை பார்த்தபடி படிக்கும் டாக்டர்களுக்கு, தொடர்ந்து 12 மணி நேரத்துக்கும் வாரம் 48 மணி நேரத்துக்கும் மேல் பொதுவாக டியூட்டி கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992லேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளை எந்த வார்டிலும் ஒட்டி நான் பார்த்ததில்லை. வருமானமும் மெதுவாகத்தான் ஏறும். நல்ல மைக்ரோஸ்கோப்புக்கும் எண்டோஸ்கோப்புக்கும் லட்சங்கள் ஆகும் என்பதால் முதல் சில வருடம் வேறொரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரை நம்பி இருப்பதே புத்திசாலித்தனம்.

இனி தோப்பு. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. 50 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 66,000 ரூபாய்; முடியும்போது கட்டியிருப்பது 79 லட்சம். படிக்கும் மூன்று வருட வட்டி தனி. அந்தத் தவணைக்குப் பயந்து உங்கள் மகள் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு இரவு டியூட்டியும் நீங்கள் அவளுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்த அந்த 'நேரத்தில்'தான் கழியும். அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டால், தேசியத் தேர்வு வாரியம் தரும் டிஎன்பி இருக்கிறது. அதுவும் மூன்று வருடம்தான், எம்எஸ்ஸுக்கு இணையான பட்டம். தேர்வு கடினம், செலவு மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பக்கத்திலேயே வராது. ஜிப்மருக்கு நீட் பிஜி போதாது. வருடம் இரண்டு முறை எய்ம்ஸ் நடத்தும் ஐஎன்ஐ-செட் எழுத வேண்டும். ஒரு முறை வழுக்கினால் ஆறு மாதத்தில் அடுத்தது.

ஒரு மாமா வேறு, முள்ளோடை தாண்டி ஒரு வீடு பிடித்துப் புதுச்சேரி முகவரி வாங்கிவிட்டால் கோட்டாவில் சீட் கிடைக்கும் என்றாராம். மருத்துவ மேற்படிப்பில் இருப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

"அப்ப அக்காவோட நர்சிங் ஹோம்?" என்றார் அப்பா. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அங்கே ஒரு அறையில் அவள் காது பார்க்கலாம், அத்தை சம்மதித்தால். இல்லாவிட்டால் அது அத்தையின் நர்சிங் ஹோமாகவே இருக்கட்டும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். டியூட்டி இல்லாத இரண்டு இரவு இஎன்டி வார்டில் போய் உட்கார். பக்கத்திலேயே இரண்டு இரவு லேபர் வார்டிலும். அங்கிருக்கும் இரண்டாம் வருட பிஜியிடம், கடைசிப் பத்து டியூட்டியில் எத்தனை முறை எழுப்பினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்.

நேற்று அவளிடமிருந்து வாட்ஸ்அப். இஎன்டியில் முதல் இரவு யாரும் வரவில்லை. இரண்டாம் இரவு ஒன்றரை மணிக்கு மூக்கில் ரத்தம் நிற்காத ஒரு பெரியவர். மூக்குக்குள் துணித் திரி அடைத்து முடிக்க மூன்று மணி. லேபர் வார்டு இரவுகளில் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். "இஎன்டி பரவால்லதான மேடம்?" என்று கேட்டிருந்தாள். மறுநாள் காலை அந்த பிஜிக்கு ஓய்வு கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம், எட்டு மணிக்கு ஓபியில் நின்றாராம். அதையும் நோட்டில் எழுதிக்கொள் என்றேன்.

பத்திர நகலை அப்பா என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளட்டும்.