ஏற்றத்தில் நடந்தால் வெட்கமா?

கேள்வி: சாலையில் 10 கி.மீ. சுலபமாக ஓடுகிறேன். மலைப்பாதையிலோ 4 கி.மீ.யிலேயே மூச்சு வாங்குகிறது; ஏற்றம் வந்தால் நடந்துவிடுகிறேன். நெடுந்தூரப் பாதை ஓட்டம் எனக்குச் சரிப்படுமா?
— ஒரு வாசகி

பதில்: தாராளமாக. 100 மைல் ஓட்டத்தில் முன்னால் போகிறவர்களே செங்குத்து வந்தால் நடக்கிறார்கள். எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆனது.

முதல் 50 கி.மீ. ஓட்டத்தில் ஏற்றத்தையெல்லாம் வீறாப்பாக ஓடியே கடந்தேன். என்னைக் கவிழ்த்தது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் அதிகம் சேதமாவது அப்போதுதான். 38-வது கி.மீ.யில் தொடை இரண்டும் மரத்துப்போய், பக்கவாட்டில் திரும்பி, மரங்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். என்னைத் தாண்டிப் போன பெரியவர் ஒருவர், "கால் இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். இன்னும் உறுத்துகிறது!

அதன்பின் வாரம் ஒருநாள் இறக்கத்துக்கு மட்டுமே பயிற்சி. குட்டி அடிகள், பார்வை பாதத்தில் அல்ல, நாலைந்து அடி தள்ளி. நீங்களும் கிலோமீட்டர் கணக்கை விட்டு நேரக் கணக்குக்கு மாறுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும். அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்து.

ஷூ பற்றி நீங்கள் கேட்காதது நல்லது, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கால் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். இறக்கத்தில் எனக்கு இரண்டு நகம் போயிற்று.